கொடியும் அம்பும்: விண்வெளிச் சின்னங்களின் வரலாறும் நெல்லைச் சீமையும்

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28ஆம் தேதி தூத்துக்குடியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்று காலை நாளிதழ்களில் தமிழக அமைச்சர் ஒருவர் பெயரில் வாழ்த்து விளம்பரம் வந்திருந்தது. பிரதமர், முதலமைச்சர் படங்களோடு ஒரு ராக்கெட் படமும் இருந்தது. அந்த ராக்கெட்டின் உடலில் சீனக் கொடி. அன்றே திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பிரதமர் அதைக் கண்டித்துப் பேசினார். விளம்பரத்தை வடிவமைத்தவர்கள் செய்த தவறு என்று அமைச்சர் விளக்கம் தந்தார். அரசியல் தன் வழியில் போயிற்று. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியை யாரும் தொடர்ந்து பேசவில்லை. இந்திய ராக்கெட் எப்படி இருக்கும், அதன் மேல் என்ன வரைந்திருக்கும் என்பது, அதன் எஞ்சின்கள் சோதிக்கப்படும் மாவட்டத்திலேயே, படம் தேர்ந்தெடுத்தவர் தொடங்கி அச்சுக்கு அனுப்பியவர் வரை ஒருவர் கண்ணுக்கும் பழக்கமாகவில்லையே, ஏன்?

விண்வெளி நிறுவனங்களின் சின்னங்கள் எங்கிருந்து பிறந்தன, யார் வரைந்தார்கள், எந்த விதி அவற்றைக் காக்கிறது, நம் மண்ணுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும் இடத்திலிருந்து பிறந்த சின்னமே நிலைக்கிறது. அதை வரைந்தவர் பெயரும், அதைப் பயன்படுத்தும் விதியும் ஊரறிய இருந்தால்தான் மக்கள் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். நம் நாட்டில் முதல் பாதி ஓரளவு நடந்திருக்கிறது. இரண்டாம் பாதி இன்னும் நடக்கவில்லை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்திறங்கும் எந்த விமானத்தின் உடலிலும் 'விடி' என்று தொடங்கும் பதிவெழுத்து இருக்கும். பன்னாட்டுப் பயணத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானமும் தன் நாட்டுக்குறியையும் பதிவுக்குறியையும் தாங்கியிருக்க வேண்டும் என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. விண்வெளிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 1967இன் விண்வெளி ஒப்பந்தமும் அதன்பின் வந்த பதிவு உடன்படிக்கையும், ஏவிய நாடு தன் கலத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. கலத்தின் மேல் கொடி வரைய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆக, ராக்கெட்டில் நாம் காணும் கொடி, அம்பு, எழுத்து எல்லாமே நாடுகள் தாமாக விரும்பி வரைந்துகொண்டவை. கட்டாயத்தால் வந்த குறி ஒரு வேலையைச் செய்து முடித்ததும் மறக்கப்படும். விரும்பி வரைந்த குறியில் வரைந்தவரின் ஆசை, பெருமை, அச்சம் எல்லாம் தங்கிவிடும். அதனால்தான் இவற்றின் வரலாற்றைப் படிப்பது பயனுள்ளது.

அச்சத்தைப் பற்றி ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானிய விமானத்தின் குறியும் சிவப்பு வட்டம்தான். தொலைவிலிருந்து பார்க்கும் பீரங்கிக்காரருக்கு வேறுபாடு தெரியாமல் சொந்த விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து இருந்ததால் சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் வெள்ளையுமாக மாற்றினார்கள். விடுதலைக்குப் பிறகு சிறிது காலம் இந்திய விமானப்படை அசோகச் சக்கரத்தை அணிந்து பறந்தது. 1950இல் காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள் வந்தன. தவறான நாட்டின் குறி உயிரையே வாங்கக்கூடும் என்பதை வானூர்தி உலகம் அப்போதே அறிந்திருந்தது.

விண்வெளியில் முதலில் முத்திரை பதித்தது சோவியத் ஒன்றியம். 1959 செப்டம்பரில் லூனா 2 நிலவில் மோதியபோது, ஐங்கோண உலோகத் தகடுகளால் ஆன உருண்டைகளைச் சுமந்து சென்றது. தகடுகளில் அந்நாட்டின் அரசுச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. அடுத்த சில நாட்களில் அமெரிக்கா சென்ற சோவியத் தலைவர் குருச்சேவ் அவற்றின் படியொன்றை அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பூமியைத் தாண்டி இன்னொரு கோளத்தைத் தொட்ட முதல் மனிதச் சின்னம் அது. 1961இல் ககாரின் பறந்தபோது தலைக்கவசத்தில் நாட்டின் பெயர்ச் சுருக்கம் பெரிய சிவப்பு எழுத்துகளில் இருந்தது. தரையிறங்கும் இடத்தில் உழவர்கள் அவரை அந்நிய உளவாளி என்று எண்ணிவிடக் கூடாதே என்ற கவலையில் அந்த எழுத்துகள் கடைசி நேரத்தில் தீட்டப்பட்டதாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் அதற்கு முந்தைய ஆண்டுதான் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது.

சோவியத்துக்கு அரசுச் சின்னமே போதுமானதாக இருந்தது. நிறுவனத்துக்கென்று தனிச் சின்னம், அதற்கென்று ஒரு வடிவமைப்பாளர், ஒரு விதிநூல், அதைச் சுற்றி ஒரு சண்டை என்று முழு வரலாறும் கிடைப்பது நாசாவிடம்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாசா 1958 அக்டோபர் 1ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. கிளீவ்லாந்திலிருந்த லூயிஸ் ஆய்வு மையத்தில் அறிக்கைகள் தயாரிக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் மோடரெல்லியிடம் சின்னம் வரையும் பொறுப்பு வந்தது. அவர் வெளி விளம்பர நிறுவனத்து ஓவியர் அல்லர். ஆய்வறிக்கைகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் பிரிவில் வளர்ந்தவர். கலிபோர்னியாவின் ஏம்ஸ் மையத்துக்கு ஒருமுறை போயிருந்தபோது, ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் பறப்பதற்காகக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்ட, முறுக்கி வளைத்த அம்பு வடிவ இறக்கை மாதிரி ஒன்றை அவர் பார்த்தார். நாசா சின்னத்தில் சிவப்பாக நெளிந்து செல்லும் அந்த வடிவம் அந்த இறக்கைதான். நீல வட்டம் ஒரு கோள். விண்மீன்கள் விண்வெளி. சுற்றிவரும் வெள்ளைக் கோடு சுற்றுப்பாதை. பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தெரியும் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் மெய்யாகவே ஒரு சோதனைக்கூடத்துப் பொருள் இருந்தது. அந்தச் சின்னம் இன்றுவரை உயிரோடிருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் எண்ணம்.

மோடரெல்லி இரண்டு சின்னங்களைத் தந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று அரசு முத்திரை. 1959இல் ஐசனோவரின் ஆணையால் நடைமுறைக்கு வந்த அது, விருதுகளுக்கும் முறையான ஆவணங்களுக்கும் மட்டுமே உரியது. மற்றொன்று எல்லா இடத்திலும் ஒட்டக்கூடிய எளிய வட்டச் சின்னம். இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. நம் அரசர்கள் செப்பேட்டு வளையத்தில் பொறித்த முத்திரை ஒன்றாகவும், கொடியில் நின்ற இலச்சினை இன்னொன்றாகவும் புழங்கின. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சோழ முத்திரையில் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் இரு கயல்களும் சேரரின் வில்லும் சேர்ந்து நிற்கும். வென்ற நாட்டின் குறிகளையும் தன் முத்திரைக்குள் இழுத்துக்கொண்ட அரசியல் அது.

நாசாவின் வட்டச் சின்னத்துக்கு இடம்தான் சிக்கலானது. சிறிதாக அச்சிட்டால் விண்மீன்கள் அழுக்குப் புள்ளிகளாகத் தெரிந்தன. நகலெடுக்கும் இயந்திரத்தில் எல்லாம் கறுப்பாகக் கலங்கிப்போனது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் துறைகளின் தோற்றத்தைச் சீர்செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, நியூயார்க்கின் ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் என்ற இருவரின் சிறு நிறுவனத்துக்கு நாசா வேலை கிடைத்தது. அவர்கள் படத்தையே விட்டுவிட்டார்கள். ஒரே தடிமனில் வளைந்து ஓடும் நான்கு சிவப்பு எழுத்துகள். இரண்டு 'ஏ' எழுத்துகளிலும் குறுக்குக் கோடு இல்லை. அவை ராக்கெட்டின் கூர்முனைகளாக நின்றன. 1975இல் இது நடைமுறைக்கு வந்தது. பழையதற்கு 'இறைச்சி உருண்டை', புதியதற்குப் 'புழு' என்று ஊழியர்களிடையே பட்டப்பெயர்கள் பிறந்தன.

புழுவின் அழகைவிட அதனுடன் வந்த விதிநூல்தான் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். 1976இன் அந்தக் கையேடு, கடிதத் தாளில் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதில் தொடங்கி, வேன், கட்டடப் பலகை, விண்வெளி ஓடம் வரை ஒவ்வொன்றுக்கும் அளவும் நிறமும் வகுத்தது. எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் படங்கள் இருந்தன. 1984இல் அந்தப் பணிக்கு அதிபரின் வடிவமைப்பு விருது கிடைத்தது. ஆனால் நாசாவின் பழைய பொறியாளர்களில் பலர் அதை மனதார ஏற்கவில்லை. தங்களைக் கேட்காமல் தலைமையகத்திலிருந்து இறக்கப்பட்டது என்ற குறை அவர்களுக்கு இருந்தது. சாலஞ்சர் விபத்துக்குப் பிந்தைய சோர்வில் நிறுவனம் இருந்தபோது, 1992 மே மாதம் புதிய தலைவர் டேனியல் கோல்டின் லாங்லி மையத்துக்குப் போய், பழைய வட்டச் சின்னம் திரும்பி வருகிறது என்று அறிவித்தார். ஊழியர்களின் மனத்தைத் தூக்கி நிறுத்தும் செயலாக அது பார்க்கப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம்? வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் புழுவின் பக்கம். நானும் அதன் கோட்டமைப்பை வியக்கிறேன். ஆயினும் பொறியாளர்களின் வருத்தத்தை அறியாமை என்று தள்ள என்னால் முடியாது. தாங்கள் செய்த இறக்கையைச் சின்னத்தில் கண்டவர்கள் அவர்கள். எடுத்துவிட்டபோது தங்கள் உழைப்பையே எடுத்துவிட்டதாக உணர்ந்தார்கள். காலம் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டது. 2020 மே 30ஆம் தேதி பால்கன் 9 ராக்கெட்டின் பக்கத்தில் புழு மீண்டும் ஏறியது. 2022இல் ஆர்டெமிஸ் 1 இரண்டையும் சுமந்து நிலவுக்குப் போய் வந்தது. 1976இன் விதிநூல் 2015இல் மறுபதிப்பாக வந்தபோது, பொதுமக்கள் பணம் போட்டு வாங்கினார்கள். ஓர் அரசு நிறுவனத்தின் அச்சு விதிகளை மக்கள் விலைகொடுத்துப் படித்த செய்தி நம் அதிகாரிகளின் காதில் விழ வேண்டும்.

நிறுவனச் சின்னம் ஒருபுறமிருக்க, பயணத்துக்குப் பயணம் வீரர்கள் தாமே வரைந்துகொண்ட துணிச் சின்னங்களின் கதை இன்னும் மனிதத் தன்மை உள்ளது. 1965இல் ஜெமினி 5 பயணத்துக்குப் புறப்பட்ட கார்டன் கூப்பர், கூண்டு வண்டிப் படத்தோடு ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்டார். எட்டு நாள் அல்லது தோல்வி என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருந்தது. பயணம் பாதியில் முடிந்தால் கேலியாகிவிடும் என்று அஞ்சிய நாசா தலைவர் ஜேம்ஸ் வெப், எட்டு நாள் முடியும்வரை வாசகத்தைத் துணியால் மறைக்கச் சொல்லி அனுமதி தந்தார். எட்டு நாளும் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வாலெண்டினா தெரெஷ்கோவாவின் உடையில் வெள்ளைப் புறா ஒன்று தைக்கப்பட்டிருந்தது.

அப்பல்லோ 11க்கு மைக்கேல் காலின்ஸ் ஒரு பறவைப் புத்தகத்தில் இருந்த கழுகைப் படியெடுத்தார். கழுகின் நகங்கள் அச்சுறுத்தின. ஆகவே அலகில் இருந்த ஆலிவ் கிளையை நகங்களுக்கு மாற்றினார்கள். வேறு மொழி பேசுபவருக்கும் புரிய வேண்டும் என்பதால் பதினொன்றை எழுத்தால் எழுதாமல் எண்ணால் எழுதினார்கள். மூவரின் பெயரையும் போடவில்லை. அந்தப் பயணத்துக்காக உழைத்த எல்லோருக்கும் சின்னம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். இத்தனை சிந்தித்தும் படத்தில் பூமியின் மேல் நிழல் விழும் பக்கம் தவறாகிவிட்டது. நிலவில் அணிந்த சின்னம் நூலால் தைத்ததுகூட அல்ல. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் மூவர் இறந்த பிறகு, எரியாத கண்ணாடி இழைத் துணியில் அச்சிட்ட சின்னங்களே கலத்துக்குள் அனுமதிக்கப்பட்டன. கடைகளில் விற்கும் பின்னல் சின்னங்களை 1970களின் தொடக்கத்திலிருந்து வட கரோலைனாவின் வீவர்வில் என்ற சிற்றூரில் உள்ள ஒரே நிறுவனம் நாசாவுக்குத் தைத்துக் கொடுக்கிறது. ஒரு கைத்தொழில் ஊர் விண்வெளி வரலாற்றில் இடம்பிடித்த விதம் அது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ரஷ்யாவின் ரோஸ்காஸ்மோஸ், சீனாவின் நிறுவனம், அமெரிக்க விண்வெளிப் படை என்று எங்கும் மேல்நோக்கிய அம்போ கூர்முனையோதான். 1966இல் வந்த ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் அம்புக் குறியோடு விண்வெளிப் படையின் சின்னத்தை ஒப்பிட்டு 2020இல் பெரிய விவாதமே நடந்தது. அம்பு தேய்ந்துபோன உருவம் ஆகிவிட்டது என்பதே என் கணிப்பு. அடுத்து வரும் எவரும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இஸ்ரோவின் சின்னமும் அம்பைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் ஒரு வேறுபாடு உண்டு. 1969 ஆகஸ்ட் 15இல் பிறந்த நிறுவனத்துக்கு இன்றுள்ள சின்னம் 2002இல் வந்தது. காவி நிற அம்பு மேலே பாய்கிறது. அதன் இரு பக்கமும் நீல நிறத்தில் சூரியத் தகடுகள் விரிந்திருக்கின்றன. காவியில் தேவநாகரி எழுத்துகளும் நீலத்தில் ரோமன் எழுத்துகளும் இரு பக்கமும் நிற்கின்றன. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் ஒரே உருவத்தில் இணைந்திருப்பதுதான் இதன் வலிமை. மற்ற நாடுகள் மேலே போவதை மட்டும் வரைந்தன. இந்தியா மேலே போய் நின்று கீழே வேலை செய்வதையும் வரைந்தது. இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் இந்த நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று சொன்ன காரணமும் இதுவே: வானிலை, கல்வி, தொலைத்தொடர்பு, மண்வளம்.

சாராபாய் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அகமதாபாதில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்கள் கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும். இருவரும் விக்ரமின் உடன்பிறந்தவர்கள். நாட்டின் விண்வெளித் திட்டமும் நாட்டின் வடிவமைப்புக் கல்வியும் ஒரே குடும்பத்தின் முயற்சியில், ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தன. ஸ்டேட் பாங்கின் நீல வட்டத்தை 1971இல் தந்த சேகர் காமத்தும், தூர்தர்ஷனின் கண்ணை வரைந்த தேவாசிஷ் பட்டாச்சார்யாவும் அந்த நிறுவனத்தில் உருவானவர்கள். வங்கிக்கும் தொலைக்காட்சிக்கும் கிடைத்த அந்தக் கவனமும், வரைந்தவரைப் பெயர் சொல்லிப் போற்றும் வழக்கமும், பக்கத்திலேயே வளர்ந்த விண்வெளித் துறைக்கு அதே அளவில் வந்து சேரவில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

அதே நேரம், இந்திய விண்வெளிக்கு மக்கள் கையில் ஒரு சின்னம் கிடைத்தது. அது இரண்டு ரூபாய்த் தாள். 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோள் அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஏறியது. பல முகங்கள் கொண்ட அந்த உலோக உருவம், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கியவர் கையிலும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் விற்றவர் கையிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கியது. ஒரு செயற்கைக்கோளின் உருவம் இத்தனை கோடி எளிய மக்களின் விரல்களுக்குள் சென்ற நாடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. எந்த விளம்பரத்தையும்விட அது ஆழமாகச் சென்றது.

நிலவுக்கும் நம் குறிகள் போயிருக்கின்றன. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 1இன் மோதுகலம், பக்கங்களில் மூவர்ணத்தைத் தாங்கி 2008 நவம்பர் 14ஆம் தேதி தென்துருவத்துக்கு அருகில் விழுந்தது. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி இறங்கிய சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தியில் வடிவமைப்பாளர்கள் ஓர் அருமையான யோசனையைச் செய்திருந்தார்கள். பின்சக்கரங்களில் அசோகர் தூணின் சிங்க முகமும் இஸ்ரோ சின்னமும் செதுக்கப்பட்டிருந்தன. ஊர்தி உருள உருள அவை நிலவு மண்ணில் பதியும். பதிவுகள் எதிர்பார்த்த தெளிவோடு விழவில்லை. அந்த இடத்து மண் தூசாக இல்லாமல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்வதே காரணம் என்றும், அதுவே அறிவியலுக்குப் பயனுள்ள செய்தி என்றும் இஸ்ரோ தலைவர் சோமநாத் அப்போது சொன்னார். சின்னமே மண் ஆய்வுக் கருவியாகிவிட்டது. உலகச் சின்ன வரலாற்றில் இதற்கு இணையாக வைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி நம் பக்கம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு நெருங்கும்போது, காற்றாலைகளுக்குப் பின்னால் மேற்கே எழும் மலை மகேந்திரகிரி. 1,600 மீட்டருக்கு மேல் உயரம். இலங்கைக்கு அனுமன் தாவிய மலை என்று வட்டார மரபு சொல்லும். அதன் அடிவாரத்தில் 1980களில் ஏ.இ. முத்துநாயகம் தலைமையில் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்கான சோதனை நிலையம் எழுந்தது. 2014 பிப்ரவரி முதல் அது இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்ற தனி மையம். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் எஞ்சினும், சந்திரயான் 3ஐச் சுமந்த எல்.வி.எம். 3 ராக்கெட்டின் சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினும் இந்த மலையடியில் எரித்துப் பார்க்கப்பட்ட பின்பே ஸ்ரீஹரிகோட்டா போகின்றன. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்ஸிஜனையும் கையாளும் இடம் அது. குலசேகரப்பட்டின அடிக்கல்லுக்கு முந்தைய நாள், பிப்ரவரி 27ஆம் தேதி, இங்கே அரை கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கான புதிய சோதனை வளாகத்தைப் பிரதமர் திருவனந்தபுரத்திலிருந்தே நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மேடையில்தான் ககன்யான் வீரர்கள் நால்வருக்கும் விண்வெளி வீரர்களுக்கான இறக்கைச் சின்னம் அணிவிக்கப்பட்டது. நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

இறக்கைச் சின்னமும் எஞ்சின் சோதனைக்கூடமும் ஒரு நாள். அடுத்த நாள் தவறான கொடி. மகேந்திரகிரியில் நடக்கும் வேலைக்கும் நெல்லை மக்கள் கண்ணில் படும் உருவங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டிவிட்டன. பாதுகாப்பு கருதி வளாகம் பொதுமக்களுக்கு மூடியிருப்பது இயல்பு. ஆனால் அதன் உருவம் மூடியிருக்கத் தேவையில்லை. எஞ்சினின் கூம்பு, சோதனை மேடை, மலையின் விளிம்பு ஆகியவை நெல்லைப் பிள்ளைகளுக்கு நெல்லையப்பர் கோபுரத்தைப் போலப் பழக வேண்டியவை.

குறிகளைப் புரிந்துகொள்ளும் மரபு இந்தப் பள்ளத்தாக்குக்குப் பழையது. தாமிரபரணி கடலோடு சேரும் பகுதியில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். அவர்களின் செப்புக் காசுகளில் கயல் கோட்டுருவமாக நிற்கும். சில கோடுகளில் முடிந்துவிடும் அந்த மீன், நாசாவின் புழுவுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. சுருக்கத்தில் அதற்குக் குறைந்ததும் அல்ல. 1984இல் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து அடையாளம் கண்ட பெருவழுதி காசில் தமிழ் பிராமி எழுத்தும் உருவமும் ஒரே தகட்டில் இடம்பெற்றன. எழுத்தையும் உருவத்தையும் சிறிய இடத்தில் எப்படி இணைப்பது என்ற கேள்விக்குப் பாண்டியக் கம்மியர்கள் சங்க காலத்திலேயே விடை கண்டிருந்தார்கள். இன்றும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்கள் மணமக்கள் பெயரைப் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுக்கிறார்கள். கோரையின் நேர்க்கோட்டுக்குள் தமிழின் வளைவுகளை மடக்கிக் கொண்டுவருவது தேர்ந்த வடிவமைப்பு வேலை. வீவர்வில் ஊருக்குக் கிடைத்த வாய்ப்பு பத்தமடைக்கும் கிடைத்தால் அது சலுகை ஆகாது, தகுதிக்குக் கிடைத்ததாகவே இருக்கும்.

குலசேகரப்பட்டினத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போன கடற்கரை அது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிச் சுமக்கும் எடை குறைகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம். 34 மீட்டர் உயரமுள்ள எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்தச் சேமிப்பு மிகப் பெரிது. இங்கிருந்து அரசு ராக்கெட்டுகளோடு தனியார் ராக்கெட்டுகளும் புறப்படும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சின்னத்தோடு வரும். அப்போது ஏவுதளத்துக்கென்று ஒரு சின்னம் கட்டாயம் தேவைப்படும்.

அந்தச் சின்னத்தை அலுவலகத்துக்குள் முடித்துவிடக் கூடாது. ரூபாய்க் குறிக்காக மத்திய அரசு 2009இல் திறந்த போட்டி அறிவித்தது. 2010இல் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த குறி வென்றது. இன்று நாட்டின் ஒவ்வொரு விலைச்சீட்டிலும் அது இருக்கிறது. அதே வழியில் குலசேகரப்பட்டினத்துக்கும் திறந்த போட்டி வைக்க வேண்டும். அம்பு வேண்டாம். உப்பளமும் தேரிக்காடும் கடலும் எஞ்சினும் இருக்கும் மண்ணிலிருந்து ஓர் உருவம் பிறக்கட்டும். அதில் தமிழ் எழுத்துக்கும் இடம் இருக்கட்டும். எந்த அளவில், எந்த நிறத்தில், எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்ற விதிநூலைத் தமிழிலும் அச்சிட்டு வெளியிடட்டும். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950லும் 2005லும் சட்டங்கள் வந்துவிட்டன. தடைச் சட்டம் தண்டிக்கும். சரியான படத்தை எடுத்துக் கையில் கொடுக்காது. விளம்பரம் வடிவமைப்பவர், பாடநூல் அச்சிடுபவர், கோயில் கொடைக்கு பிளெக்ஸ் போடுபவர் என எவர் தேடினாலும் முதலில் கிடைக்கும்படி இந்திய ராக்கெட்டுகளின் நல்ல படங்களை இஸ்ரோ இலவசமாகத் தமிழ்க் குறிப்போடு வைக்க வேண்டும்.

மகேந்திரகிரி வளாகத்துக்கு வெளியே, காவல்கிணறு சந்திப்பிலோ நெல்லை நகரிலோ ஒரு காட்சிக்கூடமும் அமைய வேண்டும். எரித்துச் சோதித்து ஓய்வு கொடுத்த விகாஸ் எஞ்சின் ஒன்றை அங்கே நிறுத்தி, அதன் மேல் வரைந்திருந்த குறிகளையும் அதைச் செய்தவர்களின் பெயர்களையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். இஸ்ரோவும் தமிழக அரசும் சேர்ந்து முடிவெடுத்தால் ஏவுதளத்தின் முதல் ராக்கெட் புறப்படும் முன்பே இதைச் செய்து முடிக்க முடியும். செய்யும்படி இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன்.